கொழும்பில் முன்பல் போய்விட்டால்

விழுந்த பல்லைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அடிபட்டு வேரோடு முழுதாக வந்த பல் என்றால், அந்த இடத்தில் வைக்க அதைவிட நல்ல பல் எந்த மருத்துவரிடமும் கிடையாது. வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில நொடிகள் அலசினால் போதும், தேய்க்கவே வேண்டாம். முன்பக்கம் பின்பக்கம் பார்த்து அதே குழியில் பொருத்தி, சுத்தமான கைக்குட்டையை மெதுவாகக் கடித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கை நடுங்கினால் பல்லைக் குளிர்ந்த பாலில் போடுங்கள். தண்ணீரில் ஊறினாலும் சரி, காய்ந்தாலும் சரி, வேரின் மேலுள்ள உயிரணுக்கள் செத்துவிடும். இங்கே பல வீடுகளில் பால்மாதான் இருக்கும். பக்கத்துக் கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்குவதுதான் சுலபம்.

ஒரு மணி நேரத்துக்குள், முடிந்தால் அரை மணிக்குள், மருத்துவரிடம் போய்விட வேண்டும். அவர் பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் 2 வாரம் கட்டி வைப்பார். பெரியவர்களுக்கு அதற்குள் வேர் சிகிச்சையும் தொடங்கும். குழந்தையின் பால் பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. உள்ளே வளரும் நிலைப்பல் பழுதாகும்.

எங்கே போவது? ஓட்டோக்காரரிடம் "டென்டல் ஹொஸ்பிட்டல், வோர்ட் பிளேஸ்" என்று சொல்லுங்கள். அரசாங்கத்தின் தேசிய பல் வைத்தியசாலை கொழும்பு 7இல் அங்கேதான் இருக்கிறது. தலையில் அடி, மயக்கம், வாந்தி என்றால் பல்லைப் பிறகு பார்க்கலாம், முதலில் பெரியாஸ்பத்திரி (கொழும்பு தேசிய வைத்தியசாலை) விபத்துப் பிரிவு. 1990க்கு அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அவசரமில்லாத வேலைக்கு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் தமிழ் பேசும் பல் டொக்டர்கள் கிடைப்பார்கள். அரசு மருத்துவர்கள் பலர் பணி முடிந்த பிறகே தனியார் இடங்களில் பார்ப்பதால் மாலை நேரத்துக்குச் சனல் பண்ணுங்கள், அதாவது முன்பதிவு செய்யுங்கள். போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினங்களில் சின்ன கிளினிக்குகள் மூடியிருக்கலாம்.

சரி, பல் உடைந்துவிட்டது அல்லது பிடுங்கியே ஆக வேண்டும், அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு இருக்கிறது. அப்போது பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்த, கழற்றி மாட்டும் பொய்ப்பல். பிடுங்குவதற்கு முன்பே அளவு எடுத்துச் செய்துவிட்டால், பிடுங்கிய அன்றே மாட்டிக்கொண்டு வெளியே வரலாம். விலை குறைவு, பக்கத்துப் பற்களை அராவத் தேவையில்லை. ஆனால் ஈறு சுருங்கச் சுருங்க அது தளரும், திரும்பச் சரிசெய்ய வேண்டும். டொக்டர் அனுமதித்ததும் இரவில் கழற்றிவிடுங்கள். இத்தனை சின்ன பல்லைத் தூக்கத்தில் விழுங்கினவர்களும் உண்டு. தளர்ந்தால் சூப்பர் குளூ வாங்க ஓடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. பிடுங்கிய உங்கள் பல்லின் வேரை வெட்டிவிட்டு, மேல்பகுதியை மட்டும் பக்கத்துப் பற்களில் ஒட்டிவிடுவார்கள். நிறம், வடிவம் எல்லாம் உங்களுடையதே. அதனால்தான் பிடுங்கிய பல்லைக் கையோடு கேட்டு வாங்கச் சொல்கிறேன். கடிப்பதற்கு அல்ல, சிரிப்பதற்குத்தான் அது; மாங்காயை வெட்டித்தான் சாப்பிட வேண்டும். பற்களின் மேல் மாட்டும் கண்ணாடி போன்ற தட்டில் ஒரு பல்லைப் பதித்துத் தருவதும் உண்டு. சாப்பிடும்போது அதைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் கொஞ்சம் தொல்லை.

பிடுங்கிய அன்றே இம்பிளான்ட், அதாவது பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் திருகு, வைப்பதும் நடக்கிறது. குழியைச் சுற்றி எலும்பு நன்றாக இருக்க வேண்டும், சீழ் இருக்கக் கூடாது, திருகு அசையாமல் பிடிக்க வேண்டும். எலும்போடு அது ஒன்றிப்போக 3 முதல் 6 மாதம் ஆகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் சிகரெட்டை விட முடியாதவர்களும் அவசரப்படாமல் யோசிப்பது நல்லது. பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துக் கட்டும் நிலையான பிரிட்ஜுக்கும் அவசரம் வேண்டாம். ஈறு ஆறாமல் கட்டினால் பிறகு அடியில் இடைவெளி தெரியும்.

ஊருக்குப் போய்ச் சென்னையிலோ மதுரையிலோ முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் தற்காலிகப் பல்லோடு போவதில் தவறில்லை. ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம், பல் இல்லாத இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போகும். இம்பிளான்டை இங்கே வைத்து அதன்மேல் வரும் பல்லை அங்கே கட்டுவதாக இருந்தால், இம்பிளான்டின் கம்பெனி, மாடல், அளவு மூன்றையும் எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கிப் போனில் வைத்திருங்கள். ஒரு கம்பெனியின் திருகுக்கு இன்னொன்றின் மேல்பாகம் பெரும்பாலும் பொருந்தாது.