எஞ்சின் பிளாக்கில் படியும் மேல்துரு: எடுக்கும்போது செய்யக்கூடாதவை

லேத் பட்டறையில் போர் அடித்து (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி), ஹோனிங் (துளையின் சுவரைச் சாணைக்கல்லால் நுணுக்கமாகத் தேய்ப்பது) முடித்து வாங்கிவந்த வார்ப்பிரும்பு பிளாக்கை, அதாவது எஞ்சினின் உடலை, ஐப்பசி மழையில் ஒரே ஓர் இரவு எண்ணெய் தடவாமல் விட்டால் போதும். காலையில் சிலிண்டர் சுவரெல்லாம் காவி பூத்திருக்கும். செலவழித்த பணம் கண்முன்னே வந்துபோகும். ஆனால் அந்தத் துரு பெரும்பாலும் துணியோடு வந்துவிடக்கூடியது. அதைப் பார்த்துப் பதறிப்போய் எமரித்தாளை எடுக்கும் இடத்தில்தான் எஞ்சின் கெடத் தொடங்குகிறது.

முதலில் அது மேல்துருதானா என்று பார்க்க வேண்டும். எண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் எங்கும் தடுக்காமல் வழுக்கினால் மேல்துரு. சிறு குழியில் நகம் சிக்கினால் துரு இரும்பைத் தின்றுவிட்டது என்று பொருள். அதற்குத் தேய்ப்பது மருந்தல்ல. அளந்து பார்த்து மறுபடி போர் அடிப்பதா, ஸ்லீவ் (துளைக்குள் செருகும் புது உலோகக் குழாய், லைனர் என்பதும் இதையே) போடுவதா என்று பட்டறையில்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் போன்றவற்றில் தொழிற்சாலையிலிருந்து வரும்போது லைனரே கிடையாது, பிஸ்டன் ஓடுவது பிளாக்கின் இரும்பிலேயேதான். அங்கே கையால் சுரண்டுவது ஒவ்வொன்றும் பிளாக்கின் ஆயுளில் கழிகிறது.

எல்லா இடத்துத் துருவையும் ஒரே கண்ணால் பார்ப்பது அடுத்த பிழை. பிளாக்கின் வெளிப்புறத்துக்கு கம்பி பிரஷ் போதும், பிறகு பெயின்ட் அடித்துவிடலாம். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டுக்குள் இருக்கும் லேசான துருவோடு மல்லுக்கட்ட வேண்டாம். உதிரும் சகதியை மட்டும் வெளியேற்றினால் சரி. கவனமெல்லாம் சிலிண்டர் சுவர், சிலிண்டர்களை மூடும் ஹெட் உட்காரும் மேல்முகம், கிராங்க் ஷாஃப்டைத் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) தாங்கும் மெயின் பேரிங் உட்காரும் வளைவுகள் ஆகிய மூன்றில் இருக்கட்டும்.

இந்த மூன்றிலும் எமரித்தாளோ, ஏர் கிரைண்டரில் சுழலும், அரைக்கும் துகள் ஒட்டிய நார் வட்டோ படக்கூடாது. காரணம் அளவில் இருக்கிறது. கார் எஞ்சின்கள் பலவற்றில் மெயின் பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுமார் 0.025 முதல் 0.06 மில்லிமீட்டர். 240-ஆம் நம்பர் எமரித்தாளிலிருந்து உதிரும் ஒரு துகள் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். அலுமினியம் ஆக்சைடால் ஆன அந்தத் துகள் பேரிங்கின் மென்மையான உலோகத்தில் புதைந்து உட்கார்ந்துகொண்டு, கிராங்க்கை நாளெல்லாம் அரைக்கும். ஆயில் ஃபில்டர் பிடித்துவிடும் என்று பலர் சமாதானம் சொல்கிறார்கள். ஃபில்டரைத் தாண்டிய ஆயில் துளைகளில் ஏற்கெனவே விழுந்துகிடக்கும் துகளை எந்த ஃபில்டர் பிடிக்கும்? எஞ்சின் முதல்முறை சுற்றும்போதே அது நேராகப் பேரிங்குக்குத்தான் போகும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இத்தகைய வட்டுகளால் கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு) உட்காரும் பரப்புகளைச் சுத்தம் செய்யக்கூடாது என்று தன் மெக்கானிக்குகளுக்குத் தனியாக சர்வீஸ் அறிவிப்பே அனுப்பியிருக்கிறது.

சிலிண்டர் சுவரில் இன்னொரு கேடும் உண்டு. ஹோனிங் விட்டுச்சென்ற குறுக்குநெடுக்குக் கோடுகள் ஆயிலைத் தேக்கி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளுக்குக் கொடுப்பவை. மேலும் கீழுமாகத் தேய்த்தால் அவற்றின் குறுக்கே செங்குத்துக் கீறல்கள் விழுந்து, ஆயில் மேலேறவும் கம்ப்ரஷன் கீழிறங்கவும் வழியாகிவிடும். எஞ்சின் ஆயிலுடன் கொஞ்சம் டீசல் கலந்து தடவி, அரைமணி நேரம் ஊறவிட்டு, முடி உதிராத துணியால் வட்டமாகத் தேய்த்தாலே பெரும்பாலான துரு வந்துவிடும். அப்படியும் போகாத கறை இருந்தால் பட்டறையில் கொடுத்து ஹோனை லேசாக ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட் துணி இந்த வேலைக்கு நல்லது. நூல் நூலாகப் பிரியும் காட்டன் வேஸ்ட் வேண்டாம்; அந்த நூல் பிற்பாடு ஆயில் பம்பின் சல்லடையில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

மேல்முகத்தைக் கை மெஷினால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும், ஹெட் கேஸ்கட் அங்கேதான் கசியும். பேரிங் வளைவுகளையும் தேய்க்கக்கூடாது, துடைக்க மட்டுமே வேண்டும். பேரிங்கைப் பொருத்தும்போது அதன் முதுகுக்கும் வளைவுக்கும் நடுவே துருத்தூளோ ஆயிலோ இல்லாமல் உலர்ந்திருக்கட்டும்.

கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். துருவைத் தின்ற பிறகு அது நல்ல இரும்பைத் தின்னும். கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சுழலும் புஷ்கள் பிளாக்கிலேயே இருந்தால் அவையும் பாழ். அதன் புகை கொட்டகையில் தொங்கும் ஸ்பானர்களைக்கூடத் துருப்பிடிக்க வைக்கும். துருவைக் கறுப்பாக மாற்றும் பாஸ்பாரிக் அமிலக் கலவைகள் பெயின்டுக்கு அடியில் இருக்க வேண்டியவை, ரிங் ஓடும் சுவருக்கு உரியவை அல்ல.

துரு போனதும் டீசலால் அலசிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. டீசலும் மண்ணெண்ணெயும் பிசுக்கைத்தான் கரைக்கும். ஹோனிங் துகள் வார்ப்பிரும்பின் நுண்துளைகளிலேயே தங்கிவிடும். அதை வெளியே கொண்டுவருவது சூடான தண்ணீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும்தான். ஆயில் துளைகளின் பிளக்குகளைக் கழற்றி, நீண்ட பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டும். கழுவிய பிறகு ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல்நிறம் தெரிகிறவரை மறுபடி சோப்புதான்.

கழுவி முடித்த நிமிடத்திலிருந்து துரு மறுபடி தொடங்குகிறது. உடனே ஏர் அடித்து உலர்த்த வேண்டும். அதற்கு முன் கம்ப்ரஸர் டாங்கின் அடிக்குழாயைத் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்றிவிடுங்கள். இல்லையென்றால் உலர்த்துவதாக நினைத்துக்கொண்டு பிளாக்கின் மீது தண்ணீரைத்தான் தெளித்துக்கொண்டிருப்பீர்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரேயை அளவில்லாமல் அடிப்பதும் அதே கதைதான். அது ஆவியாகும்போது இரும்பு குளிர்ந்து, ஈரக்காற்று அதன்மேல் வியர்க்கும்.

போல்ட் துளைகளையும் மறக்க வேண்டாம். மறுபக்கம் திறப்பில்லாத துளையின் அடியில் தண்ணீரோ ஆயிலோ நின்றால், போல்ட்டை முறுக்கும்போது அந்தத் திரவம் போக இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடலாம். விரிசல் விழாவிட்டாலும் போல்ட்டின் முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் பொய்க்கணக்குக் காட்டும்.

உலர்ந்ததும் சிலிண்டர் சுவரிலும் மேல்முகத்திலும் பேரிங் வளைவுகளிலும் புது எஞ்சின் ஆயிலைத் தடவி, பெரிய பாலிதீன் பையால் மூடி, மரக்கட்டை மேல் வையுங்கள். சிமென்ட் தரையில் நேராக வைப்பதும், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் சணல் சாக்கால் போர்த்துவதும் கூடாது. பொருத்தும் வேலை தள்ளிப்போனால் வாரம் ஒருமுறை பையைத் திறந்து பார்த்து மறுபடி ஆயில் தடவலாம். கிராங்க்கை இறக்கும் நாளில் பேரிங் வளைவுகளிலும் மேல்முகத்திலும் உள்ள ஆயிலை முழுவதும் துடைத்தெடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.