வண்டிப்பாதையை மீட்ட மனு
எங்கள் வயல்களுக்குச் செல்லும் வண்டிப்பாதையை ஒருவர் முள்வேலியிட்டு அடைத்த பிறகு, அறுவடை இயந்திரத்துக்கு வழியின்றி மூன்று போகம் தவித்தோம். வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டுதான் மிஞ்சியது. பாதை, பட்டா, பங்காளித் தகராறு என எல்லாவற்றையும் ஒரே தாளில் கொட்டியது என் தவறும்கூட. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு, நீதிமன்றத்தில் வழக்காக இல்லாத, நெடுநாள் தீராத பொதுப் பிரச்சினைகளையே, அதுவும் மனுவுக்கு ஒன்றாகவே ஏற்கும் என்று அறிந்து, பாதையைப் பற்றி மட்டும் எழுதி, அந்தப் புல எண் அரசு புறம்போக்கு என்று காட்டும் கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டின் நகலையும் நில அளவை வரைபடமான புலப்படத்தையும் இணைத்து அனுப்பினேன். குழு தானே வேலியைப் பிடுங்காது. துறையிடம் விளக்கம் கேட்கும். கேட்டதும் நில அளவர் சங்கிலியுடன் வந்தார். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்கீழ் வேலியிட்டவருக்கு அறிவிப்பு சென்றது. வேலியை அகற்றியபோது, பழைய எல்லைக்கல் முட்புதருக்குள்ளேயே கிடந்தது.