ஈயத்திலிருந்து செம்புக்கு: மான் வேட்டை ரைஃபிளுக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பது எப்படி?

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த விலங்கையும் பறவையையும் துப்பாக்கியால் வேட்டையாட ஈயமில்லாத குண்டுதான் பயன்படுத்த வேண்டும். அதனால் இங்கே வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஈயமா செம்பா என்ற கேள்வியே இல்லை. எந்தச் செம்பு என்பதுதான் கேள்வி. நெவாடா, ஆரிகன் பக்கம் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கடையில் இரண்டையும் பார்ப்பீர்கள். உங்களுக்கும் செம்பையே சொல்வேன். உரிமம், பாதுகாப்பு வகுப்பு எல்லாம் முடித்து, சொந்த ரைஃபிளோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். (இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்குத் தடை உண்டு. அங்கிருந்து படிப்பவர்கள் இதைத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

ஏன் செம்பு?

ஈயக் குண்டு மானுக்குள் போனதும் சிதறுகிறது. துணுக்குகளில் பல கண்ணுக்கே தெரியாது. மினசோட்டா மாநில இயற்கை வளத்துறை 2008-இல் ஆட்டு உடல்களைச் சுட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. குண்டு போன வழியிலிருந்து ஏறக்குறைய ஓர் அடி தள்ளியும் ஈயத் துணுக்குகள் இருந்தன. தண்ணீர் விட்டுக் கழுவினால் அவை மற்ற இடங்களுக்கும் பரவும். அந்தக் கறியைத்தான் வீட்டில் குழந்தைகளுக்குச் சமைத்துப் போடுகிறோம். உடம்பில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது.

அடுத்தது காண்டோர், பிணம் தின்னும் பெரிய கழுகு இனம். 1982-இல் உலகத்திலேயே 22 கலிஃபோர்னியா காண்டோர்கள்தான் மிஞ்சியிருந்தன. கூண்டில் வளர்த்து, 1992 முதல் திரும்பக் காட்டில் விட்டு, இன்று எண்ணிக்கை 500-ஐத் தாண்டியிருக்கிறது. ஆனால் காட்டில் அவை சாவதற்கு முதல் காரணம் இன்றும் ஈய நஞ்சுதான். மானை அறுத்துக் குடலைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம், அதில் இருக்கும் துணுக்கை அந்தப் பறவை விழுங்குகிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி இந்தியாவில் பாறுக் கழுகுகளை எப்படி அழித்தது என்று படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கும் பிணம் வழியாகத்தான் நஞ்சு போனது. சட்டம் இல்லாத இடத்திலும் நான் செம்பையே எடுத்துப் போவது இதனால்தான்.

படி 1: எடையைக் குறையுங்கள்

ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.9. ஆகவே ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க, பேரலுக்குள் (துப்பாக்கிக் குழாய்) குண்டைச் சுழற்றிவிடும் புரி இறுக்கமாக இருக்க வேண்டும். பழைய ரைஃபிள்கள் பலவற்றில் அப்படி இருக்காது.

தீர்வு எளிது, ஒரு படி கீழே இறங்குங்கள். 308 வின்செஸ்டர் தோட்டாவில் 165 அல்லது 180 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஈயம் சுட்டவர்கள் 150 கிரெய்ன் செம்பு வாங்கலாம். 243 வகைத் தோட்டாவில் 100 கிரெய்னுக்குப் பதில் 80 அல்லது 85. 7 மிமீ-08 என்றால் 140-க்குப் பதில் 120. எடை குறைந்தால் வலு குறையுமே என்று பயப்பட வேண்டாம். செம்பு சிதறாமல் ஏறக்குறைய முழு எடையோடு ஊடுருவிப் போகும்.

படி 2: பெட்டியைத் தேர்ந்தெடுப்பது

பார்ன்ஸ் விஓஆர்-டிஎக்ஸ், ஹார்னடி சிஎக்ஸ், ஃபெடரல் பவர்-ஷாக் காப்பர் மூன்றும் சுலபமாகக் கிடைக்கும். இவற்றில் பவர்-ஷாக் பெரும்பாலும் மலிவு. அதில் தொடங்குங்கள் என்பேன். உங்கள் ரைஃபிளுக்கு அது ஒத்துவராவிட்டால் பார்ன்ஸுக்குப் போகலாம். எந்தத் துப்பாக்கிக்கு எது பிடிக்கும் என்று சுட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பிடித்தது தெரிந்ததும் அதே லாட் எண்ணில் (ஒரே தொகுப்பில் தயாரானவை) இரண்டு மூன்று பெட்டி வாங்கி வையுங்கள்.

செம்புக் குண்டு விரிய வேகம் வேண்டும். பல குண்டுகளுக்கு இலக்கைத் தொடும்போது நொடிக்கு 1800 முதல் 2000 அடியாவது இருக்க வேண்டும். துல்லியமான எண்ணைத் தயாரிப்பாளரின் பக்கத்தில் பாருங்கள். அதற்குக் கீழே போனால் பென்சில் கனத்தில் துளை போட்டுவிட்டுப் போய்விடும், மான் அடிபட்டு ஓடித் தவிக்கும். நான் 200 கெஜத்துக்கு மேல் சுடுவதில்லை.

படி 3: பேரலைச் சுத்தம் செய்வது

எனக்கு மிக அதிக நேரம் எடுத்த இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஈயக் குண்டுகளை ஒரே இடத்தில் கச்சிதமாகப் போட்டுக்கொண்டிருந்த ரைஃபிள், செம்புக்கு மாறியதும் நாலு அங்குல அகலத்துக்குச் சிதறடித்தது. ஸ்கோப்பையும் அதன் திருகுகளையும் சரிபார்த்தாயிற்று, வேறு பிராண்டும் வாங்கிப் பார்த்தாயிற்று. கோளாறு பேரலுக்குள் இருந்தது. பழைய ஈயக் குண்டுகளின் செம்பு மேலுறை உரசி ஒட்டிய படிவின் மேல் வேறு வகைச் செம்பு போய்ப் படிந்தால் குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறும். வெறும் எஃகு தெரியும்வரை அந்தப் படிவை எடுத்துவிட வேண்டும்.

சாதாரண எண்ணெய்க்கு அது அசையாது. செம்பைக் கரைக்கும் கரைசல் வேண்டும். அம்மோனியா நெடி இல்லாத போர் டெக் எலிமினேட்டர்தான் என் விருப்பம். வைப்-அவுட் நுரையும் நல்லது, இரவு பீய்ச்சி விட்டுவிட்டுக் காலையில் துடைத்தால் போதும். கம்பியில் மாட்டி பேரலுக்குள் விட்டு எடுக்கும் துணி நீலமாக வந்தால் இன்னும் செம்பு இருக்கிறது என்று அர்த்தம். நீலம் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

ஒரு விஷயம் கவனம். வெண்கலப் பிரஷ்ஷும் துணி மாட்டும் பித்தளை முனையும் அதே கரைசலில் கரையும். பேரல் சுத்தமான பிறகும் துணி நீலமாகவே வந்துகொண்டிருக்கும். நைலான் பிரஷ், நிக்கல் பூச்சுள்ள முனை இரண்டும் வாங்கிவிடுங்கள், இந்தக் குழப்பமே வராது. மூன்று துண்டாகத் திருகி இணைக்கும் மலிவான கம்பி வேண்டாம். பூச்சுள்ள ஒற்றைக் கம்பிதான் பேரலைக் காப்பாற்றும்.

படி 4: ஸ்கோப்பைத் திரும்ப அமைப்பது

சுத்தமான பேரலில் முதல் சில குண்டுகள் எங்கே விழுந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள். அப்புறம் 100 கெஜத்தில் மூன்று மூன்றாகச் சுடுங்கள், நடுவில் பேரல் ஆறட்டும். ஈயம் விழுந்த இடத்தில் செம்பு விழாது, ஆகவே ஸ்கோப்பை மாற்றித்தான் ஆக வேண்டும். நான் 100 கெஜத்தில் குண்டு குறிக்கு ஒன்றரை அங்குலம் மேலே விழும்படி வைத்துக்கொள்கிறேன். சரியாக அமைந்ததும் சீசன் முடியும்வரை ஈயத்தை அந்த ரைஃபிளில் போடாதீர்கள்.

படி 5: எங்கே சுடுவது

ஈயம் சிதறி அகலமான சேதம் செய்யும். செம்பு நேராக, ஆழமாகப் போகும். ஆகவே தோளுக்குப் பின்னால் விலாவில் குறிவைத்துப் பழகியவர்கள் கொஞ்சம் முன்னே, தோளை ஒட்டியே வையுங்கள். செம்பு எலும்பை உடைத்துக்கொண்டு போகும். பெரும்பாலும் மறுபக்கமும் துளைத்து வெளியேறுவதால் இரத்தத் தடம் நன்றாகக் கிடைக்கும்.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டதற்காக)

"பெட்டியில் காப்பர் என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?" போதாது. காப்பர் ஜாக்கெட், காப்பர் பிளேட்டட் என்று இருந்தால் வெளியேதான் செம்பு, உள்ளே ஈயம். ஈயமில்லாதது என்றே எழுதியிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது. அங்கீகரித்த குண்டுகளின் பட்டியலை மீன், வனவிலங்குத் துறையின் தளத்தில் பாருங்கள். வேட்டையின்போது அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும் ஈயத் தோட்டா பையில் இருந்தாலே குற்றம். சுடுதளத்திலிருந்து நேராகக் காட்டுக்குப் போகிறவர்கள் பாக்கெட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"என்னிடம் 30-30 லீவர் ரைஃபிள் இருக்கிறது." அதில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர் முனை முன்னிருக்கும் தோட்டாவின் பிரைமரில் (அடியில் இருக்கும் பற்றவைப்பு மூடி) இடித்தால் வெடிக்கும். ஆகவே மொட்டை முனையோ, ஹார்னடி மோனோஃப்ளெக்ஸ் போல மென்மையான முனையோ உள்ளது மட்டும் வாங்குங்கள். வேகம் குறைவு என்பதால் தூரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

"சிறிய 22 ரைஃபிளுக்கு?" சிசிஐ காப்பர்-22 இருக்கிறது, 21 கிரெய்ன். எல்லாத் துப்பாக்கியிலும் நன்றாக விழுவதில்லை. ஒரு பெட்டி மட்டும் வாங்கி, 25 கெஜத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள்.