வீட்டு 5.1-ல் பாட்டைச் சத்தமாகக் கேட்பது எப்படி

சரவுண்டில், அதாவது சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கரும் கனத்த கீழ் ஒலிக்கு (பேஸ்) ஒரு சப்வூஃபரும் வைத்த 5.1 செட்டில், பாட்டுக் கேட்பதென்றால் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. தவில் அடி நெஞ்சில் லேசாகத் தட்ட வேண்டும், கோரஸ் முதுகுப் பக்கமிருந்து எழும்பி வர வேண்டும். ஆனால் பல வீடுகளில் வால்யூமைப் பாதி ஏற்றுவதற்குள் காது குடைய ஆரம்பித்துவிடுகிறது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போதவில்லை என்று நினைத்து அடுத்த ஆம்ப் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். முக்கால்வாசி வீடுகளில் ஆம்ப் மேல் குற்றமே இல்லை.

என் அப்பா மதுரைப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். கல்யாணப் பந்தல், கோயில் திருவிழா என்று குழாய் ஸ்பீக்கருக்குக் கீழேயே வளர்ந்தவன் நான். பாட்டைப் போட்டதும் அப்பா ஆம்ப் பக்கத்தில் நிற்க மாட்டார். பந்தலின் கடைசி வரிசைக்குப் போய் நின்று கேட்பார். திரும்பி வந்து எதையாவது குறைப்பார், அதற்கப்புறம்தான் வால்யூமை ஏற்றுவார். காதைக் குத்துவதை முதலில் எடு, பிறகு ஏற்று. வீட்டுக்கும் இதே முறைதான்.

வீட்டில் முதலில் குத்துவது அறை. நம் வீடுகளில் தரை டைல்ஸ், சுவர் சிமென்ட், மேலே காங்கிரீட். நடு ஹாலில் நின்று ஒரு முறை ஓங்கிக் கை தட்டிப் பாருங்கள். தட்டியது நின்ற பிறகும் "ட்ர்ர்ங்" என்று ஒரு வால் நீண்டால், அந்த வால் ஒவ்வொரு வயலின் இழுப்பிலும் ஒவ்வொரு 'ச', 'ஸ' எழுத்திலும் ஒட்டிக்கொண்டே வரும். வால்யூம் ஏற ஏற அதுவும் ஏறும். தலைவலி அங்கிருந்துதான் வருகிறது.

இதற்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டாம். உட்காரும் இடத்துக்கும் முன் ஸ்பீக்கர்களுக்கும் நடுவே தடிமனான கம்பளம் ஒன்று. மெல்லிய ஜமுக்காளமாக இருந்தால் இரண்டு மூன்றாக மடித்துப் போடுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை, அதுவும் மடிப்பு விழும்படி தாராளமாக. பின் சுவரில் புத்தக அலமாரி இருந்தால் யோகம். பழைய இலவம்பஞ்சு மெத்தை பரணில் கிடந்தால் இறக்கி, சுருட்டி, முன் மூலைகளில் நிறுத்துங்கள். முட்டை அட்டையும் தெர்மாகோலும் வேண்டாம். இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது, பேஸைத் தொடக்கூட முடியாது.

பக்கச் சுவரில் எந்த இடத்தை மூடுவது என்று கண்டுபிடிக்க ஒரு கைக்கண்ணாடி போதும். நீங்கள் கேட்கும் நாற்காலியில் உட்காருங்கள். வீட்டில் ஒருவர் அந்தக் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி, உங்கள் காது உயரத்தில், மெதுவாக நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் முன் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் சத்தம் உங்களிடம் வருகிறது. பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அந்த இடத்தில் திரையோ, கனமான போர்வையோ தொங்கவிட்டால் பாடுபவரின் குரல் தெளிந்து வரும். எனக்குத் தெரிந்து காசே செலவில்லாமல் இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை.

அடுத்தது ஸ்பீக்கர் வைக்கும் இடம். என் ஹால் 14 அடி நீளம், 11 அடி அகலம். முன் ஸ்பீக்கர் இரண்டும் 7 அடி இடைவெளியில், சுவரிலிருந்து 3 அடி முன்னே தள்ளி நிற்கின்றன. நாற்காலி ஒவ்வொன்றிலிருந்தும் அதே 7 அடி தூரத்தில். மூன்றும் சேர்ந்து சமபக்க முக்கோணம். இப்படிப் போட்டால் நாற்காலி பின் சுவருக்கு 5 அடி முன்னே வந்துவிடும், அது முக்கியம். 14 அடி அறையில் சுமார் 40 ஹெர்ட்ஸில் ஒரு பேஸ் அலை நின்றுகொண்டிருக்கும். சுவரோரம் அது குமுறும், அறையின் நட்டநடுவில் காணாமலே போகும். சோபாவைப் பின் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு 'பேஸ் அடைக்கிறது' என்று வருந்துபவர்கள் சோபாவை நகர்த்தினாலே பாதிக் குறை தீரும்.

சரவுண்ட் ஸ்பீக்கரை நம் எலக்ட்ரீஷியன்கள் கூரையை ஒட்டி மூலையில் ஆணி அடித்து மாட்டிவிடுகிறார்கள். சினிமாவுக்கு அது ஓரளவு ஓடும். பாட்டுக்கு அது சரியில்லை. பாட்டை மிக்ஸ் செய்யும் ஸ்டுடியோக்களில் ஐந்து ஸ்பீக்கரும் ஏறக்குறைய காது உயரத்தில்தான் இருக்கும். பின் இரண்டும் நேர் பின்னால் இல்லாமல், உங்கள் தோளைத் தாண்டிச் சற்றே பின்னே, அதாவது நேர் எதிரிலிருந்து 110 டிகிரி அளவில். பாட்டுக் கேட்கும்போது மட்டுமாவது இறக்கி இரண்டு ஸ்டூலில் வைத்துப் பாருங்கள். தம்புராவும் கைத்தட்டலும் எங்கே உட்கார்கின்றன என்று தெரியும்.

சப்வூஃபருக்கு இடம் தேடும் முறை கொஞ்சம் விசித்திரமானது, ஆனால் தப்பாது. சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலி இருக்கும் இடத்தில் வையுங்கள். பேஸ் கிடார் மேலும் கீழும் நடக்கிற ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். அப்புறம் முட்டி போட்டு, காதைத் தரைப் பக்கம் வைத்துக்கொண்டு சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். மூலையில் எல்லா நோட்டும் ஒரே 'பூம்' ஆகக் கேட்கும். சில இடத்தில் ஒரு நோட்டு விழுந்துவிடும். எங்கே ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாக, ஒரே கனத்தில் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள்.

இனி ரிசீவர், அதாவது ஆம்பும் சரவுண்டைப் பிரிக்கும் பகுதியும் சேர்ந்த பெட்டி. அதோடு ஆட்டோ செட்டப் மைக் (அறையில் கேட்பதை அளந்து செட்டைச் சரிசெய்ய) வந்திருந்தால் அதைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில், காது உயரத்தில் நிறுத்துங்கள். ஃபேன், ஏசி இரண்டையும் அணைத்துவிடுங்கள், மே மாதமானாலும் சரி. முடிந்ததும் மெனுவுக்குள் போய் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்: ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' என்று விழுந்திருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, க்ராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கனமான பேஸ் வேலை சப்புக்குப் போய்விடும், சின்ன வூஃபர்கள் திணறாது, ஆம்பும் மூச்சு வாங்காது. வால்யூம் ஏற்ற விரும்புபவருக்கு இந்த ஒரு மாற்றமே புது ஆம்ப் வாங்கியது போல. மைக் இல்லாத செட் என்றால் டெஸ்ட் டோனைப் போட்டு, போனில் ஒரு சவுண்ட் மீட்டர் ஆப் வைத்து, நாற்காலியில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 75 டெசிபல் காட்டும்படி லெவலைச் சரிசெய்யுங்கள்.

பேஸைத் தூக்கிக் கொடுக்கும் 'லவுட்னெஸ்' பொத்தானைச் சத்தமாகக் கேட்கும்போது அணைத்துவிட வேண்டும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்குப் பேஸ் சரியாக எட்டாது, சத்தம் ஏற ஏறத் தானாகவே எட்டும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைந்துவிட்டார்கள். இரவு மெதுவாகக் கேட்க அந்தப் பொத்தான் நல்லது. ஏற்றிக் கேட்கும்போதும் அது இருந்தால் பேஸ் இரட்டிப்பாகும், குரல் மூழ்கும்.

பவர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். 88 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். 64 வாட்ஸில் 106, 128 வாட்ஸில் 109, அவ்வளவுதான் வித்தியாசம். 91 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் அந்த 3 டெசிபல் பாதி வாட்ஸிலேயே கிடைத்துவிடும். பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் பிஎம்பிஓ எண்ணை (கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பர எண்) பார்க்கவே வேண்டாம், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி) எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப் வாங்குவதானாலும் தூக்கிப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் கனமாக இருக்க வேண்டும்.

ஆம்பின் சக்தி தீர்ந்தால் அலையின் தலை வெட்டுப்படும். அப்போது ஜால்ரா சத்தம் மணலைக் கொட்டுவது மாதிரி மாறும், பாடகியின் மேல் ஸ்தாயி கிழியும். அந்த நொடியே 3 டெசிபல் இறக்குங்கள். ட்வீட்டர்கள் (மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்கள்) எரிவது பெரும்பாலும் சின்ன ஆம்பை முழுக்கத் திருகுவதால்தான்.

எதைப் போட்டுக் கேட்பது? சரவுண்டாகவே மிக்ஸ் செய்த பாட்டுக்கு ஈடில்லை. எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ தட்டுகள் யாரிடமாவது இருந்தால் கெஞ்சியாவது வாங்குங்கள். 2021 ஜூன் முதல் ஆப்பிள் மியூசிக்கில் டால்பி அட்மாஸ் என்ற சரவுண்ட் முறையில் பாட்டுகள் வருகின்றன, தமிழும் உண்டு. அட்மாஸ் ரிசீவரில் ஆப்பிள் டிவி 4கே பெட்டியை எச்டிஎம்ஐயில் சொருகினால் போதும். எண்பதுகளின் ஸ்டீரியோ பாட்டுக்கு ஸ்டீரியோவைச் சரவுண்டாக விரிக்கும் ப்ரோ லாஜிக் 2-ன் மியூசிக் மோடு எனக்குப் பிடித்தது. 'சென்டர் விட்த்' என்பதைக் கொஞ்சம் ஏற்றினால் குரல் சென்டர் பெட்டிக்குள் அடைபடாமல் முன் மூன்றிலும் விரியும். கறுப்பு வெள்ளைக் காலத்து மோனோ பாட்டைத் தயவுசெய்து சுற்றிலும் ஓட விடாதீர்கள். அது ஒரே இடத்திலிருந்து வரப் பிறந்தது, முன்னால் மட்டும் கேளுங்கள், அந்தக் குரல் எதிரே வந்து நிற்கும். '8டி' என்று போட்டு வருபவை ஹெட்போனுக்கானவை.

நன்றாக அமைந்த செட்டில் ஒரு ஆபத்து உண்டு. எங்கும் குத்தாததால் எவ்வளவு ஏற்றினோம் என்றே தெரியாது. எனவே மீட்டரைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்கில் 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்குக் கால் மணி நேரம். நான் சராசரி 88-ஐ ஒட்டிக் கேட்பேன், பிடித்த பாட்டு ஒன்றிரண்டுக்கு மட்டும் மேலே போவேன். கேட்டு முடித்ததும் காதில் 'ங்ங்' என்று ரீங்காரம் இருந்தால் அது அதிகம், காதுக்கு ஓய்வு கொடுங்கள். அப்பா வாழ்நாளெல்லாம் குழாய்க்குப் பக்கத்தில் நின்றவர். பேத்தியின் கொலுசுச் சத்தம் இப்போது அவருக்குக் கேட்பதில்லை.

நாங்கள் இருப்பது மாடியில். சப்புக்கு அடியில் வாஷிங் மெஷினுக்குப் போடும் தடித்த ரப்பர் கட்டைகள் நான்கு வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு நாள் பாட்டை ஓடவிட்டுவிட்டுக் கீழ் வீட்டுக்குப் போய், "அம்மா, சத்தம் வருதா?" என்று கேட்டேன். "பாட்டெல்லாம் கேக்கல தம்பி, டொம் டொம்னு மட்டும் வருது" என்றார். குரல் சுவரில் நின்றுவிடும், பேஸ் தரை வழியே இறங்கிவிடும். நீங்களும் ஒரு முறை பக்கத்து வீட்டில் நின்று உங்கள் பாட்டைக் கேளுங்கள். ரப்பர் போட்ட பிறகு அந்த டொம் டொம் பெரிதும் குறைந்தது. அவர் மதியம் 2 முதல் 4 வரை தூங்குவார், அந்த நேரத்தில் சப் அணைந்திருக்கும். குடியிருப்புப் பகுதிக்கு ஒலி மாசு விதிகளில் சொன்ன அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. வீட்டுக்குள் வைக்கும் செட் உங்கள் எல்லையில் அதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அதனால் ஜன்னலையும் வென்டிலேட்டரையும் சாத்திவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

எல்லாம் வைத்த பிறகும் ஏற்றும்போது எங்கோ 'கர்ர்' என்று கேட்டால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்காதீர்கள். 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோன் ஒன்றை யூடியூபில் எடுத்து, மிதமான சத்தத்தில் ஓடவிட்டுக்கொண்டே அறையைச் சுற்றி வாருங்கள். ஷோகேஸ் கண்ணாடி, பீரோ கதவு, சாமி படச் சட்டம், ஜன்னல் கொக்கி, ட்யூப் லைட் பட்டி என்று ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது அதிரும். கையை வைத்தால் நிற்பது எதுவோ, அதற்கு அடியில் ஒரு துண்டு ஃபெல்ட் துணி அல்லது ஃபோம் டேப் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் பீரோ மேலிருந்த பித்தளைக் குத்துவிளக்குதான் 52 ஹெர்ட்ஸில் ஆடியது.

கடைசியாக, உங்களுக்குச் சரிப்படும் உச்ச அளவு எது என்று மீட்டர் வைத்துக் கண்டுபிடித்ததும், ரிசீவர் மெனுவில் 'வால்யூம் லிமிட்' இருக்கும், அந்த எண்ணை அங்கே போட்டுவிடுங்கள். 'பவர் ஆன் வால்யூம்' என்பதையும் குறைவாக வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த இரண்டையும் முதல் நாளே செய்துவிட வேண்டும். யார் குமிழைத் திருகினாலும் அந்த எண்ணைத் தாண்டாது.