பழைய போர்ஷே 911: எவ்வளவு கொடுத்தால் நியாயம்?

பிரிட்டனில் புதிய குடும்பக் கார் ஒன்று வாங்கும் பணத்துக்கு, பதினெட்டு இருபது வருடம் ஓடிய போர்ஷே 911 கிடைக்கிறது. விளம்பரத்தைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் வயசாகி விலை இறங்கியது காருக்கு மட்டும்தான். உதிரிபாகமும் மெக்கானிக் கூலியும் இன்றும் போர்ஷே விலைதான். அதனால் ‘இந்தக் காருக்கு என்ன விலை?’ என்று தொடங்காதீர்கள். வாங்கிய பிறகு இரண்டு வருடத்தில் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று தெரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

உதாரணத்துக்கு, 2004 முதல் 2012 வரை வந்த 997 ரகத்தை எடுத்துக்கொள்கிறேன். நான் தேடி அலைந்து வாங்கியதும் அதுதான்.

1. எந்த 997?

முதல் தலைமுறையில் சாதாரண கரேரா 3.6 லிட்டர், 325 குதிரைத்திறன். கரேரா எஸ் 3.8 லிட்டர், 355. 2008இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கு என்ஜினே வேறு. பிடிகே என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியரும் அப்போதுதான் வந்தது. அதே வருடத்து, அதே நிறத்துக் காரில்கூட கையால் கியர் போடுவதற்கு ஒரு விலை, பழைய டிப்ட்ரானிக் ஆட்டோமேட்டிக்குக்கு அதைவிடக் குறைந்த விலை. கூரை திறக்கும் கேப்ரியோலே பொதுவாக மூடிய கூபேயைவிட மலிவு. டர்போ, ஜிடி3 என்ற அதிவேக ரகங்கள் தனி உலகம். அவற்றின் விலையை இங்கே கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

பிரிட்டனுக்கே உரிய ஒரு விசித்திரமும் உண்டு. 2006 மார்ச் 23 முதல் பதிவான கார், கிலோமீட்டருக்கு 255 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விட்டால், சாலை வரி மிக உயர்ந்த படிக்குப் போய்விடும். முதல் தலைமுறை 997 அந்த வரம்பைத் தாண்டுகிறது. பிப்ரவரியில் பதிவான காரும் ஏப்ரலில் பதிவானதும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். ஆனால் பின்னதுக்கு வருடத்துக்கு 700 பவுண்டுக்கு மேல் வரி. முன்னதுக்கு அதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பதிவுத் தேதியைப் பார்க்காமல் இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

2. கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு

விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. ஆறு மாதமாக அங்கேயே கிடக்கும் கார் உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை. கலெக்டிங் கார்ஸ் போன்ற இணைய ஏலத் தளங்களில் உண்மையில் விற்ற விலை எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். உங்கள் ரகம், உங்கள் கியர், கிட்டத்தட்ட அதே மைல் என்று ஏழெட்டு விற்பனைகளை எழுதிவையுங்கள். வாங்குபவர் கட்டும் ஏலக் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். மிக உயர்ந்ததையும் மிகக் குறைந்ததையும் அடித்துவிடுங்கள். மிச்சத்தின் நடுவில் வருவதுதான் உங்கள் தொடக்க எண்.

3. காகிதங்கள்

நேரில் போகும் முன்பே, வண்டி எண்ணை வைத்து எம்ஓடி (வருடா வருடம் நடக்கும் கட்டாய வாகனச் சோதனை) வரலாற்றை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பாருங்கள். ஒவ்வொரு சோதனையிலும் குறித்த மைல், தேறியதா இல்லையா, ‘கவனிக்கவும்’ என்று எழுதிவிட்ட சின்னக் குறைகள் எல்லாம் இருக்கும். மூன்று வருடம் தொடர்ந்து ‘பிரேக் குழாயில் துரு’ என்று வந்திருந்தால், உரிமையாளர் மூன்று வருடமும் படித்துவிட்டுச் சும்மா இருந்தார் என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் ஆயிலை மட்டும் ஒழுங்காக மாற்றியிருப்பாரா?

சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இருந்தால் போதாது. பில்களைக் கேளுங்கள். முத்திரையில் சர்வீஸ் நடந்தது மட்டும் தெரியும்; என்ன மாற்றினார்கள் என்பது பில்லில்தான் இருக்கும்.

4. என்ஜின்

நேரமும் பணமும் இங்கேதான் செலவழிய வேண்டும். முதல் தலைமுறை கரேரா என்ஜினைப் பற்றி இரண்டு பயங்கள் உண்டு. அதிகம் பேசப்படுவது ஐஎம்எஸ் பேரிங், அதாவது என்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங். அது உடைந்தால் என்ஜின் போச்சு. ஆனால் ஆரம்பகால 997 கார்களில்தான் சிறிய பேரிங்; கிளட்ச் மாற்றும்போது அதையும் மாற்றிவிடலாம். பிறகு பெரிதாக்கினார்கள். அது உடைவது மிக அரிது. ஆனால் என்ஜினைப் பிரிக்காமல் வெளியே எடுக்கவும் முடியாது. இரண்டாம் தலைமுறையில் அந்தத் தண்டே கிடையாது. அந்தக் கார்களின் விலை ஒரு படி மேலே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னைக் கேட்டால், 997இல் நிஜமாகப் பயப்பட வேண்டியது சிலிண்டர் சுவரில் விழும் கீறல்தான், முக்கியமாக 3.8இல். அடையாளங்கள் உண்டு: ஆயில் குடிப்பது, சூடானதும் ‘டக் டக்’ என்று சத்தம், ஒரு பக்கத்துப் புகைக்குழாய் மட்டும் மற்றதைவிடக் கருகியிருப்பது. இவை எதுவும் இல்லாமலும் கீறல் இருக்கலாம். ஒரே வழி, போர்ஷேயில் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் சொல்லி, சிலிண்டருக்குள் சின்ன கேமரா விட்டுப் பார்ப்பது. அதற்குச் சில நூறு பவுண்டு ஆகும். கீறல் இருந்தால் என்ஜினைப் புதுப்பிக்க ஆகும் செலவு பத்தாயிரத்தைத் தாண்டும். அப்படிப்பட்ட காரைப் பேரம் பேசி வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அதே மெக்கானிக்கிடம் என்ஜின் கணினியையும் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் கியரிலிருந்து நான்குக்குப் போவதற்குப் பதில் தவறி இரண்டில் போட்டிருந்தால், என்ஜின் வரம்பு மீறிச் சுழன்ற கணக்கு ஆறு படிகளாக அதில் பதிந்திருக்கும். கீழ்ப்படிகளில் எண் இருந்தால் பரவாயில்லை. நான்கு, ஐந்து, ஆறில் இருந்தால் எப்போது நடந்தது என்று கேளுங்கள். என்ஜின் ஓடிய எத்தனையாவது மணியில் அது நடந்தது என்பதும் அங்கேயே இருக்கும்.

அப்புறம் ஒரு குறுக்குவழி. என்ஜின் மொத்தம் ஓடிய மணிநேரமும் அதில் தெரியும். ஓடிய மைலை அதால் வகுத்துப் பாருங்கள். 60,000 மைல், 2,000 மணி என்றால் சராசரி வேகம் மணிக்கு 30 மைல், நம்பலாம். மீட்டர் 40,000 காட்டி, கணினி 3,500 மணி சொன்னால் சராசரி பதினொன்றரைதான் வரும். அந்தக் கார் நெரிசலிலேயே வாழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

5. காரைச் சுற்றி ஒரு நடை

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நான் பார்த்த முதல் கார் 31,000 மைல்தான் ஓடியிருந்தது. மினுமினுவென்று இருந்ததால் மனசு அங்கேயே போய்விட்டது. டயருக்குப் பதினோரு வயது என்று பார்த்த பிறகுதான், அது ஓடியதைவிட நின்ற காலமே அதிகம் என்று புரிந்தது. நின்ற காரில் ரப்பர் சீல்கள் காயும், பிரேக் தட்டு துருப்பிடிக்கும். குறைந்த மைலுக்கு அதிக விலை கொடுக்கும்முன் யோசியுங்கள்.

முன் பம்பரின் காற்றுத் துவாரங்களுக்குள் டார்ச் அடியுங்கள். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் முன்னால் இலைகள் தங்கி, நனைந்து, அலுமினியத்தைத் தின்றுவிடும். பெயிண்ட் கனம் பார்க்கும் கருவியைக் கொண்டுபோங்கள். ஒரு கதவில் மட்டும் எண் இரண்டு மூன்று மடங்கு வந்தால் அங்கே வேலை நடந்திருக்கிறது.

6. கணக்கு

நான் வாங்கிய காரையே சொல்கிறேன். 2005 கரேரா எஸ், கைக் கியர். ஒப்பிட்டுப் பார்த்த தொடக்க எண் 27,000 பவுண்டு. கேமராவில் சிலிண்டர் சுத்தம். பிரேக் தட்டும் பேடும் முழுவதும் முடிந்திருந்தன: 1,400. இரண்டு கண்டென்சர்களும் பொருத்தும் கூலியும்: 1,200. டயர் செட் 900, ஆனால் பாதிதான் கழித்தேன். ஒப்பிட்ட கார்களிலும் டயர் பாதி தேய்ந்துதானே இருந்திருக்கும்! முழுசாகக் கழித்தால் விற்பவர் சிரிப்பார். கிளட்ச் 1,500, அதிலும் அதே காரணத்தால் பாதி. மொத்தம் 3,800, மிச்சம் 23,200. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு நிரப்புங்கள். எதிர்பாராத செலவுக்கு 3,000 தனியாக வங்கியில் இருக்கட்டும். அது விலையில் சேராது.

விற்பவர் புது ரேடியோவையும் விலையுயர்ந்த சக்கரங்களையும் காட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். அதற்கெல்லாம் நான் ஏற்றிக் கொடுப்பதில்லை. தொழிற்சாலையிலேயே வந்த ஸ்போர்ட் சீட் போன்றவற்றுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டலாம். முன் மூடியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அவற்றின் குறியீடுகள் இருக்கும்.

அவர் கேட்டது 25,500. ‘குறைத்துக் கொடுங்கள்’ என்று கெஞ்சாமல் பட்டியலை நீட்டினேன். படித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார். ஒன்பது நாள் கழித்து அவரே அழைத்தார்: பிரேக் வேலையைத் தன் செலவில் முடித்துத் தருகிறேன், 24,300 கொடுங்கள் என்றார். பிரேக் செலவைக் கழிக்காவிட்டால் என் கணக்கு 24,600. சரி என்றேன்.