ஒலியால் ஒரு தெர்மோகோல் மணியை அந்தரத்தில் நிறுத்துவது எப்படி?

கண்ணுக்குத் தெரியாத கற்றை ஒன்று பாய்ந்து பொருளைத் தொடாமலேயே பிடித்து இழுப்பது பழைய அறிவியல் புனைகதைகளில் சர்வ சாதாரணம். 2015இல் ஆசியர் மார்சோ, புரூஸ் டிரிங்க்வாட்டர், ஸ்ரீராம் சுப்ரமணியன் உள்ளிட்ட குழு 64 குட்டி ஒலிபெருக்கிகளை ஒரு தட்டில் அடுக்கி, ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலியை மட்டும் கொண்டே அதைச் செய்து காட்டியது. 2017இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்திலிருந்து ‘டைனிலெவ்’ என்ற எளிய வடிவம் வந்தது. அதன் பாகப் பட்டியலும் கட்டும் முறையும் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. மின்சாரத்தை ஒலியாக்கும் 72 டிரான்ஸ்டியூசர், ஒரு ஆர்டுயினோ நானோ (நிரல் ஏற்றி ஓட்டும் சின்னக் கணினிப் பலகை), மோட்டார் ஓட்டும் சர்க்யூட் போர்டு ஒன்று. இவ்வளவுதான் அதன் உள்ளடக்கம்.

எடுத்த எடுப்பில் 72க்குப் போக வேண்டாம். முதலில் இரண்டே டிரான்ஸ்டியூசரில் ஒரு தெர்மோகோல் மணியை மிதக்க விடுங்கள். மின்சுற்றும் நிரலும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

நடப்பது என்ன?

எதிரெதிரே வைத்த இரண்டு டிரான்ஸ்டியூசர்கள் 40,000 ஹெர்ட்ஸில் அதிர்கின்றன. மேலிருந்து வரும் அலையும் கீழிருந்து வரும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நிலை அலையாகின்றன. அதில் அழுத்தம் ஏறி இறங்காத இடங்கள் கணுக்கள். லேசான பொருள் கணுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை 40,000ஆல் வகுத்தால் அலைநீளம் 8.6 மி.மீ. அதில் பாதி, அதாவது 4.3 மி.மீ.க்கு ஒரு கணு வீதம் வரும். எனவே மணி 4 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 2 முதல் 3 மி.மீ. இருந்தால் தொல்லை குறைவு. பட்டாணி அளவுக்கு ஏன் முடியவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. பட்டாணி ஒரு கணுவைத் தாண்டி அடுத்ததையும் தொட்டுவிடும், பிடி கிடைக்காது.

இந்தக் கருவியில் சக்தி இரண்டாம்பட்சம். எல்லா டிரான்ஸ்டியூசரும் ஒரே கணத்தில் தள்ளி ஒரே கணத்தில் இழுக்க வேண்டும். அதில் பிசகினால் வோல்டேஜை எவ்வளவு ஏற்றினாலும் மணி தரையில்தான் கிடக்கும்.

இரண்டு டிரான்ஸ்டியூசர் வடிவம்

வேண்டியவை: எச்.சி.-எஸ்.ஆர்.04 தூரமானி மாட்யூல் இரண்டு, ஆர்டுயினோ நானோ, எல்298என் மோட்டார் டிரைவர் மாட்யூல், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், டிரான்ஸ்டியூசரை நகர்த்த ஒரு எம்3 திருகு. தூரமானியின் இரண்டு கண்களில் ஒன்று ஒலி அனுப்புவது, மற்றது வாங்குவது. ஒவ்வொரு மாட்யூலிலிருந்தும் ‘டி’ எழுத்துப் போட்ட அனுப்பும் கண்ணை மட்டும் சால்டர் உருக்கிக் கழற்றுங்கள். சால்டரிங் அயர்னை ஒரு காலில் நான்கைந்து நொடிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு உள்ளே ஏறினால் அதிரும் பீசோ தகட்டின் ஒட்டு விட்டுப்போகும்.

12 வோல்ட் எல்298என் மாட்யூலுக்குப் போகட்டும். அதிலுள்ள 5 வோல்ட் ஜம்பரை (இரண்டு முனைகளை இணைக்கும் சின்ன மூடி) கழற்றாதீர்கள். அப்போது மாட்யூலே 5 வோல்ட் கொடுக்கும், அதை நானோவின் 5 வோல்ட் பின்னில் இணையுங்கள். இரண்டுக்கும் கிரவுண்ட் பொது. இரண்டு எனேபிள் ஜம்பர்களும் போட்டபடியே இருக்கட்டும். நானோவின் பின் 9ஐ மாட்யூலின் முதல், மூன்றாம் உள்ளீடுகளுக்கும், பின் 10ஐ இரண்டாம், நான்காம் உள்ளீடுகளுக்கும் கொடுங்கள். முதல் இரண்டு வெளியீடுகளுக்கு நடுவில் ஒரு டிரான்ஸ்டியூசர், அடுத்த இரண்டுக்கு நடுவில் இன்னொன்று. யு.எஸ்.பி. மாட்டி நிரல் ஏற்றும் நேரத்தில் அந்த 5 வோல்ட் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் வந்து மோதுவது நானோவுக்கு நல்லதல்ல.

டிரைவரின் உள்ளிழப்பு போக டிரான்ஸ்டியூசருக்குச் சுமார் 10 வோல்ட் மிஞ்சும். துருவம் மாறி மாறிப் போவதால் உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 20 வோல்ட். இந்த வகை டிரான்ஸ்டியூசர் பலவற்றின் வரம்பும் அதையொட்டியே இருக்கும்.

நிரலைப் பலரும் இன்டரப்டில், அதாவது ஓடும் வேலையை அவ்வப்போது இடைமறிக்கும் முறையில், எழுதுகிறார்கள். ஓடும், ஆனால் சரியாக இருக்காது. ஆர்டுயினோ நேரம் கணக்கிடும் ‘டைமர் 0’, நொடிக்கு 976 முறை குறுக்கே வந்து அலையைத் தட்டிவிடும். கேட்கவே கூடாத கருவியிலிருந்து மெல்லிய ‘ஙீ’ சத்தம் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். அந்த வேலையை வன்பொருளிடமே விட்டுவிடலாம். ‘டைமர் 1’ஐ சி.டி.சி. முறையில் (குறித்த எண்ணை எட்டியதும் பூஜ்ஜியத்துக்குத் திரும்புவது), ப்ரீஸ்கேலர் (வேகத்தை வகுத்துக் குறைப்பது) இல்லாமல் வையுங்கள். பின் 9க்கான ஏ, பின் 10க்கான பி என்ற இரண்டு ஒப்பீட்டுப் பதிவகங்களிலும் 199 போடுங்கள். பூஜ்ஜியத்திலிருந்து 199 வரை 200 கடிகாரத் துடிப்பு. நானோவின் கடிகார வேகமான 16 மெகாஹெர்ட்ஸை 200ஆல் வகுத்து, மறுபடி இரண்டால் வகுத்தால் சரியாக 40,000. இரண்டு பின்களையும் டாகிள் முறையில் (ஒவ்வொரு தடவையும் மேல், கீழ் என மாறுவது) வைத்து, டைமரை ஓடவிடும் முன் பி பக்கத்தை மட்டும் ஒரு தடவை வலுக்கட்டாயமாகத் திருப்பிவிடுங்கள். அதன்பின் பின் 9 மேலே இருக்கும்போது பின் 10 கீழே இருக்கும். நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் லூப் காலியாகவே ஓடட்டும்.

இரண்டு டிரான்ஸ்டியூசரையும் செங்குத்தாக, முகத்தோடு முகம் பார்க்க, சுமார் 20 மி.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். கீழுள்ளது அசையக் கூடாது. மேலுள்ளதை எம்3 திருகில் ஏற்றுங்கள், ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. நகரும். இந்தச் சிறிய வடிவத்தில் இடைவெளிதான் உயிர்நாடி. கால் மி.மீ. மாறினால்கூட மிதப்பது விழும். ஒரு முழு அலைநீளம், அதாவது சுமார் 9 மி.மீ. வரை கால் சுற்று கால் சுற்றாக நகர்த்திப் பாருங்கள், எங்கோ ஓரிடத்தில் பிடிப்பு திடீரென்று கூடும்.

மணியை வைப்பதற்குத் தனிக் கைப்பக்குவம் வேண்டும். விரலால் வைக்க முயன்றால் விரலே ஒலியை மறைத்துவிடும். கூர்முனை இடுக்கியில் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து கொண்டுபோய் மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். கணுவை நெருங்கும்போது இடுக்கி முனையில் மணி தானாக ஒரு பக்கம் சாயும். அந்த இடத்தில் விடுங்கள். தெர்மோகோலின் நிலைமின்னூட்டத்தால் மணி இடுக்கியோடு ஒட்டிக்கொண்டு வந்தால், இடுக்கியை ஈரத்துணியில் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். இன்னொரு வழியும் உண்டு: துண்டுக் கம்பிவலையில் மணியை வைத்து உள்ளே நீட்டுவது. ஒலி வலையைக் கடந்து போகும், மணி வலையிலிருந்து எழும்பி நிற்கும், வலையை உருவிக்கொள்ளலாம்.

மணி கணுவில் நின்று, உடனே பக்கவாட்டில் வழுக்கிப் போகிறதா? இரண்டு முகங்களின் மையமும் ஒரே கோட்டில் இல்லை. மேலும் கீழும் நடுங்கி விழுகிறதா? இடைவெளியை இன்னும் கொஞ்சம் திருகுங்கள். மின்விசிறியை நிறுத்தாமல் இதில் எதையும் சோதிக்காதீர்கள்.

72க்குப் போவது

டைனிலெவ்வில் எதிரெதிரே இரண்டு கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் 6, 12, 18 என மூன்று வளையங்களாக 10 மி.மீ. விட்டமுள்ள 36 டிரான்ஸ்டியூசர்கள் உட்காரும். கிண்ணத்தின் வளைவு எல்லா ஒலியையும் நடுப்புள்ளியில் குவிக்கிறது. ஒலி குவிவதால் இடைவெளியை நுணுக்கமாகத் திருகி, பிடிப்பு திடீரென்று கூடும் ஒத்ததிர்வு இடத்தைத் தேட வேண்டியதில்லை, பக்கவாட்டுப் பிடியும் பலமாக இருக்கும். சட்டத்தை 3டி பிரிண்டரில் அச்சடித்துக்கொள்ளலாம். சுமார் 10 வாட் மின்சாரத்தில், ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.2 கிராம் அடர்த்தியுள்ள பொருளையும் இது தாங்கும். தண்ணீரின் அடர்த்தி 1 என்பதால் தண்ணீர்த் துளியும் இதற்குள் அடக்கம்.

பெரும்பாலான கட்டுமானங்கள் கவிழ்வது துருவத்தில். டிரான்ஸ்டியூசருக்கு இரண்டு கால். தயாரிப்பாளர் போட்ட குறியை நம்பி வரிசையாகச் சால்டர் வைத்தால், சில தலைகீழாக இருந்து மற்றவற்றுக்கு எதிராக வேலை செய்யும். தலைகீழான ஒன்று தன் பங்கை இழப்பதோடு நிற்பதில்லை, இன்னொன்றின் பங்கையும் அழித்துவிடும். ஒரு கிண்ணத்தில் 6 தலைகீழ் என்றால் 36 என்பது 24 ஆகிறது. தூக்கும் விசை அழுத்தத்தின் வர்க்கத்தோடு போவதால், இரண்டு கிண்ணத்திலும் அப்படி இருந்தால் விசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தெர்மோகோல் அப்போதும் மிதக்கும், தண்ணீர் மிதக்காது. இந்த நிலையில் பவர் சப்ளையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பது வீண்.

சோதிக்கும் முறை: ஒரு டிரான்ஸ்டியூசரை 40 கிலோஹெர்ட்ஸில் ஓடவிட்டு அசையாமல் பொருத்துங்கள். அதற்கு நேர் எதிரே, சோதிக்க வேண்டியதை ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்காரவைக்க ஒரு குழி செய்துகொள்ளுங்கள். மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் முதல் சேனல் பின் 9இல், இரண்டாவது சோதனைத் துண்டில். முதலில் வந்த ஒன்றை அளவுகோலாக எடுத்துக்கொண்டால் மற்றவை அதோடு ஒத்துப்போகும், அல்லது நேர் எதிராகத் திரும்பி நிற்கும். திரும்பியதைக் கால் மாற்றிப் பிடித்து, நேராக வந்ததும் ஸ்கோப்பின் முனை தொட்ட காலில் மார்க்கர் புள்ளி வையுங்கள். ஒரு முழு அலையை 360 டிகிரி என்று வைத்தால், குழியில் அரை மி.மீ. பிசகுவது அலையை 20 டிகிரி சொச்சம்தான் தள்ளும், தலைகீழுக்கான 180 டிகிரியோடு அதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை. ஆனால் 60, 90 டிகிரி என்று நடுவில் நிற்பவையும் அகப்படும். அவற்றின் ஒத்ததிர்வெண் (மிக பலமாக அதிரும் அதிர்வெண்) விலகியிருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள். இதற்காகவே 72 வேண்டும் என்றால் 80 வாங்குவது நல்லது.

புள்ளி வைத்த கால் எல்லாம் கிண்ணத்தின் மையத்தைப் பார்க்க டிரான்ஸ்டியூசர்களைப் பொருத்துங்கள். பின்னால் திருப்பினால் கால்கள் வளையம் வளையமாகத் தெரியும், உறை நீக்கிய கம்பியை வளையத்தோடு சுற்றிச் சால்டர் வைத்துக்கொண்டே போகலாம். கடைசியில் கிண்ணத்துக்கு இரண்டே கம்பி வெளியே வரும். மின்சாரம் கொடுக்கும் முன் அவை ஒன்றோடொன்று உரசவில்லை என்று மல்டிமீட்டரில் பாருங்கள். இவ்வளவு நெருக்கமான கம்பிகளில் சால்டர்த் துளி ஒன்று பாலம் போட்டுவிடுவது சகஜம்.

எல்298என் சூடாகும். அதன் தரவுத்தாளில் மாற்று அதிர்வெண்ணின் உச்ச வரம்பே 40 கிலோஹெர்ட்ஸ்தான், நாம் அந்த விளிம்பில்தான் ஓட்டுகிறோம். ஒரு சின்ன விசிறி வைக்கலாம், காற்று கிண்ணத்துக்குள் போகாதபடி திருப்பி வையுங்கள். டிரான்ஸ்டியூசர்களும் சூடேறினால் அவற்றின் ஒத்ததிர்வெண் நகரும். பத்து நிமிடத்தில் மணி கீழே தாழத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் இதுவே. அணைத்து ஆறவிடுங்கள்.

40 கிலோஹெர்ட்ஸ் நம் காதுக்கு எட்டாது. ஆனால் நாயும் பூனையும் அந்த உயரத்தைக் கேட்கும், கருவி ஓடும் அறையில் அவற்றை விடாதீர்கள். நீங்களும் காதைக் கிண்ணத்தின் அருகே கொண்டுபோக வேண்டாம்.

துளியும் நகர்த்தலும்

தண்ணீருக்கு வோல்டேஜை நிதானமாக ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். அடாப்டருக்கும் டிரைவருக்கும் நடுவில், வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஒரு பக் கன்வர்ட்டர் போடுங்கள். மிக மெல்லிய, முனை மழுங்கிய ஊசியைப் பக்கவாட்டிலிருந்து நடுக்கணு வரை நீட்டி, துளி 2 மி.மீ. ஆகும்வரை அழுத்தி, வெடுக்கென்று இழுங்கள். வோல்டேஜ் குறைந்தால் துளி ஊசியோடே வந்துவிடும். கூடினால் துளி தட்டையாகி, அப்பளம்போல விரிந்து, சிதறித் தெறிக்கும். துளி லேசாகத் தட்டையாக, விளிம்பு நடுங்காமல் நிற்கும் இடம்தான் சரியான வோல்டேஜ். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலின் பரப்பு இழுவிசை குறைவு என்பதால் ஊசியிலிருந்து எளிதில் பிரியும், அதே காரணத்தால் சீக்கிரம் சிதறவும் செய்யும். அது தீப்பற்றும் என்பதை மறக்காதீர்கள்.

மிதப்பதை மேலே கீழே நகர்த்த, ஒரு கிண்ணத்தின் கட்டத்தை, அதாவது அதன் அலை ஏறி இறங்கும் நேரத்தை, மற்றதோடு ஒப்பிட்டுத் தள்ள வேண்டும். முழு 360 டிகிரி தள்ளினால் மணி 4.3 மி.மீ. நகரும். ஓர் அலைக்கு நானோவில் 400 கடிகாரத் துடிப்பு உண்டு. அதைப் பத்துப் பங்காக்கினால் ஒரு படிக்கு 0.43 மி.மீ. இதற்கு மேற்சொன்ன டாகிள் முறை போதாது. இரண்டு கிண்ணத்துக்கும் தனித்தனி பின்கள் ஒதுக்கி, இன்டரப்டுகளை எல்லாம் அணைத்து, 40 துடிப்புக்கு ஒருமுறை போர்ட்டில் (பின்களின் தொகுதி) மதிப்பு எழுதும் வரிசையை லூப்பில் விரித்து எழுத வேண்டும். ஒரு படி நகர்ந்தபின் மணி ஆடி அடங்கக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். படிகளை அடுத்தடுத்து அவசரமாக அனுப்பினால் மணி பின்தங்கி, பக்கத்துக் கணுவுக்குத் தாவிவிடும்.