ரோபோ நகரவில்லையா? கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்

காட்பாடியில் ஞாயிறுதோறும் ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு கியூப்லெட்ஸ் என்ற ரோபோக் கட்டைகளை வைத்து புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். கறுப்புக் கட்டைகள் சென்சார், அதாவது சுற்றி நடப்பதை உணர்பவை. கண்ணாடி மாதிரி இருப்பவை ஓடும், ஒளிரும், சத்தம் போடும். பேட்டரி கட்டையோடு காந்தத்தில் ஒட்டினால் வேலை ஆரம்பம். எந்தக் கட்டைக்குப் பக்கத்தில் எது என்பதுதான் புரோகிராம்.

இங்கே பெற்றோர் அதிகம் செய்கிற தவறு, முதல் வருடம் நானும் செய்தது: ரோபோ சொன்னபடி கேட்கவில்லை என்றதும் கையை நீட்டிச் சரிசெய்வது. ஏழு வயதுப் பெண் ஒருத்திக்கு, தான் கையை நீட்டினால் ரோபோ தன்னிடம் வர வேண்டும் என்று ஆசை. அது பின்னால் ஓடியது. "இப்படி வைக்கணும்மா" என்று அப்பா சக்கரக் கட்டையைத் திருப்பி வைத்தார். வந்துவிட்டது. அவளோ ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அதே கட்டைகள், யாரும் தொடவில்லை. முதலில் ரோபோவையே முழுசாகத் திருப்பினாள். சென்சாரும் சேர்ந்து திரும்பியதால் பயனில்லை. அப்புறம் சக்கரக் கட்டையை மட்டும் கழற்றிக் கால்வட்டம் திருப்பினாள். நண்டு மாதிரி பக்கவாட்டில் போனது. விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொரு கால்வட்டம், வந்துவிட்டது! அன்று பக்கத்துப் பையனிடம், "சக்கரம் எந்தப் பக்கம் உருளுதுன்னு பாரு" என்றாள். பிழை திருத்துவது என்பது இதுதான். 1967இல் குழந்தைகளுக்கான லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சேமூர் பாப்பர்ட்டும் பிழையை ஆராயச் சொன்னாரே தவிர, ஒளிக்கச் சொல்லவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "என்ன நடக்கும்னு நினைச்சே? என்ன நடந்துச்சு?"

பெட்டி முழுவதையும் முதல் நாளே கொட்டிவிடாதீர்கள், கோபுரம்தான் கட்டுவார்கள். பேட்டரி, தூரம் பார்க்கும் சென்சார், சக்கரம், மூன்று போதும். அடுத்த வாரம் சென்சாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்க சிவப்புக் கட்டையைக் கொடுங்கள். அது சென்சார் சொல்லும் அளவைத் தலைகீழாக்கும்: கை வந்தால் ஓடிய ரோபோ, இப்போது கை வந்தால் நிற்கும். முன்பு பார்த்த பிள்ளைக்குத்தான் அந்த வித்தியாசம் புரியும்.

வேலூர் வெயிலில் திண்ணையில் வைத்து நடத்தாதீர்கள். தூர சென்சார் அகச்சிவப்பு ஒளியில் இயங்குவது; வெயிலிலும் அதே ஒளி இருப்பதால் குழம்பிவிடும். பிள்ளையோ தன் தப்பு என்று நினைத்துக்கொள்ளும்.

"எப்போ கம்ப்யூட்டர்ல கோடிங்?" என்று முதல் மாதமே கேட்கிறார்கள். பாட்டியோடு உட்கார்ந்து புள்ளிக் கோலம் போடுகிற குழந்தைக்கு, ஒரே இழையைத் திரும்பத் திரும்பப் போட்டால் கோலம் வளரும் என்று கை அறிந்திருக்கிறது. அதையே வாயால் சொல்ல வையுங்கள், தமிழில். "கை வந்தா ஓடு, வரலைன்னா நில்லு" என்று சொல்கிற பிள்ளை நிபந்தனை எழுதத் தொடங்கிவிட்டது. திரை அப்புறம் வரட்டும்.

ஒரு செட்டுக்கு இரண்டு பேர் சரி. மூன்றாவது பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும்.